சாட்சியங்களைப் பூட்டி வைத்தல்: மின்னஞ்சலுக்கும் கணினிக் கோப்புகளுக்கும் மறைகுறியாக்கம்

போரின் இறுதி மாதங்களில் இடம்விட்டு இடம் ஓடிய குடும்பங்கள் பல, சமையல் பாத்திரங்களைக்கூட விட்டுவிட்டு ஒரு பையை மட்டும் விடாமல் கொண்டுசென்றன. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பிள்ளைகளின் படங்கள் என்பன பொலித்தீனில் சுற்றப்பட்டு அந்தப் பைக்குள் இருந்தன. பலருக்கு அந்தப் பையும் மிஞ்சவில்லை. மிஞ்சியவை 2010இல் இயங்கத் தொடங்கிய கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் நியமிக்கப்பட்ட பரணகம ஆணைக்குழு, 2016ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் உருவான காணாமல்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று ஒவ்வொரு வாசலுக்கும் போட்டோகொப்பியாகச் சென்று வந்தன. இன்று அவை ஸ்கான் செய்யப்பட்டு கைபேசியிலும் பென்டிரைவிலும் மின்னஞ்சலிலும் இருக்கின்றன.

இந்த மாற்றத்தில் ஒரு விடயத்தை நாம் போதியளவு கவனிக்கவில்லை. பொலித்தீன் பை ஒருவரின் கையில் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஆனால், ஸ்கான் செய்த ஒரு கடிதம் ஒரே நேரத்தில் பல இடங்களில் இருக்கிறது. ஸ்கான் செய்துகொடுத்த கொமினிகேசன் கடையின் கணினியில் ஒரு பிரதி. பென்டிரைவில் ஒரு பிரதி. அனுப்பியவரின் ஜிமெயிலில் ஒன்று, பெற்றவரின் பெட்டியில் ஒன்று. வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் இரண்டு கைபேசிகளின் படத்தொகுப்பிலும் ஒவ்வொன்று. அந்தக் கைபேசிகள் கூகிள் போட்டோஸுடன் தானாக இணைந்திருந்தால் அங்கும் ஒவ்வொன்று. இத்தனை பிரதிகளில் ஏதாவது ஒன்றை வேறொருவர் திறந்தாலே போதும், உள்ளே இருக்கும் பெயர்கள் வெளியே போய்விடும்.

நான் வடக்கில் பணியாற்றும் ஒரு சுயாதீன ஊடகவியலாளர். காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்களிடமும் காணி இழந்தவர்களிடமும் பேசிப் பதிவுசெய்வது என் தொழிலின் பெரும்பகுதி. ஒரு தாய் தன் மகனின் கதையைச் சொல்லி முடித்த பின்னர் என்னிடம், “பிள்ளை, இதையெல்லாம் எங்க வைச்சிருப்பியள்? வேற ஆரும் பாப்பினமோ?” என்று கேட்டார். அவர் சொன்ன கதையில் மகனைக் கடைசியாகக் கண்ட இருவரின் பெயர்களும் இருந்தன. இருவரும் உயிரோடு, அதே மாவட்டத்தில் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குத் தொழில்நுட்ப ரீதியாகச் சொல்லக்கூடிய பதிலைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன். கணினியில் பெரிய தேர்ச்சி இல்லாதவர்களும் செய்யக்கூடியவற்றையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மறைகுறியாக்கம் என்றால் என்ன?

என்கிரிப்ஷன் என்பதைத் தமிழில் மறைகுறியாக்கம் என்கிறோம். ஒரு கோப்பை, சாவி இல்லாதவருக்கு அர்த்தமற்ற எழுத்துக் குவியலாகத் தெரியும்படி கணிதத்தின் மூலம் மாற்றுவதுதான் அது. கடவுச்சொல் போட்டுக் கணினியைப் பூட்டுவதும் இதுவும் ஒன்றல்ல. சாதாரணக் கடவுச்சொல் வீட்டுக் கதவுக்குப் போடும் பூட்டு மாதிரி. கதவைக் கழற்றினால் உள்ளே இருக்கும் பொருள் அப்படியே இருக்கும். மறைகுறியாக்கம் செய்யப்படாத மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணினியில் பொருத்தினால், விண்டோஸ் கடவுச்சொல் தெரியாமலேயே எல்லாக் கோப்புகளையும் பார்க்கலாம். மறைகுறியாக்கம் செய்திருந்தால் ஹார்ட் டிஸ்க் கையில் இருந்தும் பயன் இல்லை.

இன்று பரவலாகப் பயன்படும் முறை ஏ.ஈ.எஸ். எனப்படுகிறது. அமெரிக்க அரசு 2001இல் இதைத் தன் நியமமாக ஏற்றது. வங்கிச் செயலிகள் முதல் வட்ஸ்அப் வரை இதே முறைதான் பின்னணியில் வேலை செய்கிறது. 256 பிட் சாவியுடைய ஏ.ஈ.எஸ். பூட்டைச் சாவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து உடைக்க இன்றுள்ள எந்தக் கணினியாலும் முடியாது. ஆகவே உடைக்க நினைப்பவர்கள் கணிதத்தோடு மோதுவதில்லை. கடவுச்சொல்லை ஊகிப்பார்கள், ஏமாற்றிப் பெறுவார்கள், பூட்டாமல் விட்ட இன்னொரு பிரதியைத் தேடுவார்கள், அல்லது உங்களையே கேட்பார்கள்.

மின்னஞ்சல் எப்படிப் பயணிக்கிறது?

போர்க்காலத்தில் செஞ்சிலுவைக் குழுவின் ஊடாகக் கொண்டுசெல்லப்பட்ட குடும்பச் செய்திகள் பலருக்கு நினைவிருக்கும். அவை உறையில் ஒட்டப்படாத திறந்த தாள்கள். குடும்ப விடயங்களை மட்டும் எழுதலாம், வழியில் யாரும் வாசிக்கலாம் என்பது எழுதுபவருக்கும் பெறுபவருக்கும் தெரியும். அதனால் எழுத வேண்டியதை மட்டுமே எழுதினோம். மின்னஞ்சலும் தொடக்கத்தில் அப்படியான திறந்த தாள்தான். ஆனால் அது ஒட்டிய கடிதம் என்று நாங்கள் நம்பிக்கொண்டோம்.

இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. உங்கள் கைபேசிக்கும் ஜிமெயில் சேவையகத்துக்கும் இடையிலான பாதை மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. பெரிய மின்னஞ்சல் நிறுவனங்களுக்கு இடையிலான பாதையும் பெரும்பாலும் அப்படியே. ஆகவே கொமினிகேசன் கடையின் வை-ஃபையிலோ இணைய நிறுவனத்தின் கம்பியிலோ இடையில் இருப்பவர் கடிதத்தை வாசிப்பது கடினம். ஆனால், கடிதம் சேவையகத்தை அடைந்ததும் அங்கே அதன் சாவி அந்த நிறுவனத்திடம் இருக்கிறது. நிறுவனத்தால் வாசிக்க முடியும். நீதிமன்ற உத்தரவு வந்தால் கொடுக்கவும் முடியும். உங்கள் கடவுச்சொல்லைத் திருடியவரும் எல்லாவற்றையும் வாசிக்கலாம். ஜிமெயிலில் உள்ள ‘இரகசியப் பயன்முறை’யும் இதை மாற்றுவதில்லை. அது கடிதத்துக்குக் காலாவதித் திகதி வைக்கிறது, மற்றவருக்கு அனுப்புவதைத் தடுக்கிறது, அவ்வளவுதான்.

அனுப்புபவரின் கருவியில் பூட்டப்பட்டு, பெறுபவரின் கருவியில் மட்டும் திறக்கப்படுவதை முனைக்கு முனை மறைகுறியாக்கம் என்கிறார்கள். இடையில் நிற்கும் நிறுவனத்திடம் சாவி இல்லை. சிக்னல் செயலி இப்படி வேலை செய்கிறது. வட்ஸ்அப் 2016 ஏப்ரல் முதல் எல்லா உரையாடல்களுக்கும் இதையே பயன்படுத்துகிறது. ஆனால், வட்ஸ்அப் உரையாடல்களைக் கூகிள் ட்ரைவில் சேமிக்கும் ‘பெக்கப்’ தானாக இந்தப் பாதுகாப்பைப் பெறுவதில்லை. 2021 ஒக்டோபரில் இருந்து அதற்கான வசதி இருக்கிறது, நாங்களே அமைப்புகளுக்குள் சென்று அதை இயக்க வேண்டும்.

உண்டியலும் சாவியும்

இதுவரை ஒருவரையொருவர் கண்டிராத இருவர், இரகசியச் சாவியை முன்கூட்டியே பரிமாறாமல் எப்படிப் பூட்டிய கடிதம் அனுப்புவது? யாழ்ப்பாணத்தில் இருப்பவர் ஜெனீவாவில் இருப்பவருக்குச் சாவியை எப்படிக் கொடுப்பார்? சாவியை மின்னஞ்சலில் அனுப்பினால் அதையும் வழியில் எடுத்துவிடலாம்.

இதற்கு 1976இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகிய இருவரும் வழி காட்டினார்கள். அடுத்த ஆண்டே ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் ஆகிய மூவர் அதை நடைமுறைக்குரிய ஒரு முறையாக்கினார்கள். கோயில் உண்டியலை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். உண்டியலில் யாரும் காசு போடலாம், அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. திறப்பதற்கான சாவி தர்மகர்த்தாவிடம் மட்டும் இருக்கிறது. காசு போட்டவரே நினைத்தாலும் அதைத் திரும்ப எடுக்க முடியாது. இந்த முறையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவிகள். பொதுச் சாவி உண்டியலின் துளையைப் போன்றது, அதை ஊருக்கே கொடுக்கலாம். தனிச் சாவி உங்கள் கணினியை விட்டு வெளியே போகக்கூடாது. உங்களுக்கு எழுதுபவர் உங்கள் பொதுச் சாவியால் பூட்டுவார், உங்கள் தனிச் சாவியால் மட்டும் அதைத் திறக்கலாம்.

இதைச் சாதாரண மக்களின் கைக்குக் கொண்டுவந்தவர் பில் சிம்மர்மன் என்ற அமெரிக்கர். 1991இல் அவர் பி.ஜி.பி. என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். அது இணையம் வழியாக வெளிநாடுகளுக்குப் பரவியபோது, ஆயுத ஏற்றுமதி விதிகளை மீறினார் என்று அமெரிக்க அரசு அவர்மீது குற்றவியல் விசாரணை நடத்தியது. அப்போது வலுவான மறைகுறியாக்கம் அங்கே போர்த்தளபாடப் பட்டியலில் இருந்தது. 1996 ஜனவரியில், வழக்குத் தொடராமலேயே விசாரணை கைவிடப்பட்டது. அதே முறையை இலவசமாகவும் திறந்த மூலமாகவும் தரும் க்னூ-பி.ஜி. 1999இல் முதல் முழுப் பதிப்பைக் கண்டது.

இந்தச் சாவிகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. தனிச் சாவியால் ஒரு கோப்புக்குக் கையொப்பம் இடலாம். பின்னர் அந்தக் கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. ஒரு வாக்குமூலம் எழுதப்பட்ட பிறகு எவரும் அதில் கைவைக்கவில்லை என்று காட்ட வேண்டிய நிலை வந்தால், இது பெரிய உதவி.

மறைகுறியாக்கம் எதை மறைக்காது?

யாருக்கு எழுதினீர்கள், எப்போது எழுதினீர்கள், எத்தனை தடவை எழுதினீர்கள் என்பதை அது மறைக்காது. பி.ஜி.பி. முறையில் பூட்டிய மின்னஞ்சலிலும் தலைப்பு வரி பொதுவாகத் திறந்தே செல்கிறது. “காணாமலாக்கப்பட்ட மகன் – சாட்சி விபரம்” என்று தலைப்பிட்டுவிட்டு உள்ளே பூட்டுவதால் பெரிய பயன் இல்லை. தலைப்பில் “வணக்கம்” என்று மட்டும் எழுதுங்கள்.

இதற்கு ஒரு நடைமுறை உதாரணம் உண்டு. சுவிட்சர்லாந்தைத் தளமாகக்கொண்ட புரோட்டன் மெயில், தன் பயனர்களின் கடிதங்களைத் தானே வாசிக்க முடியாதபடி வைத்திருக்கும் சேவை. 2021இல், பிரான்ஸில் இயங்கிய ஒரு சூழலியல் செயற்பாட்டாளரின் இணைய முகவரியைப் பதிவுசெய்து வழங்கும்படி சுவிஸ் அதிகாரிகள் சட்டப்படி உத்தரவிட்டபோது, அந்நிறுவனம் அதற்கு இணங்கவேண்டி வந்தது. கடிதங்களின் உள்ளடக்கத்தை அதனால் கொடுக்க முடியவில்லை. ஆனால், எங்கிருந்து கணக்கு திறக்கப்பட்டது என்ற தகவல் ஒருவரை அடையாளம் காணப் போதுமாக இருந்தது. இலங்கையில் சிம் அட்டைகள் அடையாள அட்டை இலக்கத்தோடு பதிவாகியிருப்பதையும் இங்கே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் கைபேசியிலேயே உளவு மென்பொருள் இருந்தாலும் மறைகுறியாக்கம் உதவாது. பூட்டுவதற்கு முன்னரே அது பார்த்துவிடும். இனந்தெரியாத இலக்கத்திலிருந்து வரும் இணைப்புகளை அழுத்தாமல் இருப்பதும், கைபேசியின் அப்டேட்களைப் பிற்போடாமல் இருப்பதும் அதற்கான முதல் காப்பு.

மின்னஞ்சலுக்கு மூன்று வழிகள்

முதல் வழி மிக எளிது. அனுப்புபவரும் பெறுபவரும் இருவருமே புரோட்டன் மெயிலில் இலவசக் கணக்குத் திறப்பது. அவர்களுக்கிடையிலான கடிதங்களின் உள்ளடக்கமும் இணைப்புகளும் தானாகவே பூட்டப்படுகின்றன. தலைப்பு வரிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒருவர் புரோட்டனிலும் மற்றவர் ஜிமெயிலிலும் இருந்தால் சாதாரணமாக எழுதும் கடிதம் முனைக்கு முனை பூட்டப்படாது. பலர் இதைத் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது வழி தண்டர்பேர்ட் என்ற இலவச மென்பொருள். 2020இல் வந்த 78ஆவது பதிப்பிலிருந்து பி.ஜி.பி. வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. உங்கள் ஜிமெயில் கணக்கை அதில் இணைத்து, கணக்கு அமைப்புகளில் முனைக்கு முனை மறைகுறியாக்கம் என்ற பகுதியில் சாவிச் சோடியை உருவாக்கலாம். பொதுச் சாவியை மற்றவருக்கு அனுப்பி, அவருடையதைப் பெற்றுக்கொள்ள வேண்டும். பெற்ற சாவி உண்மையில் அவருடையதுதானா என்று பார்க்க, சாவியின் ‘கைரேகை’ எனப்படும் நீண்ட எழுத்து வரிசையைத் தொலைபேசியில் வாசித்து ஒப்பிடுங்கள். குரல் தெரிந்த ஒருவரோடு இரண்டு நிமிட வேலை இது. இதைத் தவறவிட்டால் இடையில் ஒருவர் தன் உண்டியலை அவருடையது என்று வைத்துவிடலாம்.

இந்த வழி எல்லோருக்கும் ஒத்துவருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2012 டிசம்பரில் எட்வர்ட் ஸ்னோடன், பெயரை மறைத்து ஊடகவியலாளர் கிளென் கிரீன்வால்டைத் தொடர்புகொண்டு பி.ஜி.பி.யை அமைக்கும்படி கேட்டார். கிரீன்வால்ட் அதைப் பல வாரங்கள் செய்யவேயில்லை. பின்னர் அதை ஏற்கெனவே கையாளத் தெரிந்திருந்த லோரா பொய்ட்ராஸ் ஊடாகவே காரியம் முன்னேறியது. 2018 மே மாதம் ஜேர்மன், பெல்ஜிய ஆய்வாளர்கள் ‘ஈஃபெயில்’ என்ற குறைபாட்டையும் வெளிப்படுத்தினார்கள். பி.ஜி.பி.யின் கணிதம் உடையவில்லை. மின்னஞ்சல் மென்பொருட்கள் படங்களோடும் அலங்காரங்களோடும் கடிதத்தைக் காட்டும் முறையினூடாகத் திறந்த உள்ளடக்கம் வெளியே கசியக்கூடியதாக இருந்தது. ஆகவே மென்பொருளைப் புதுப்பித்து வைத்திருங்கள், பூட்டிய கடிதங்களை வெறும் எழுத்தாகவே பாருங்கள்.

மூன்றாவது வழியைத்தான் நான் அதிகம் பரிந்துரைக்கிறேன். மின்னஞ்சலை அப்படியே விட்டுவிட்டு, அனுப்பும் கோப்பை மட்டும் பூட்டுவது. 7-சிப் என்ற இலவச மென்பொருளை நிறுவியபின், கோப்பின் மீது வலது பக்கம் அழுத்தி, ஆவணத்தொகுப்பில் சேர்ப்பதைத் தெரிவு செய்யுங்கள். வடிவத்தை 7-செட் என்று வைத்து, கடவுச்சொல்லை இட்டு, கோப்புப் பெயர்களையும் பூட்டும் கட்டத்தில் அடையாளமிடுங்கள். இந்தக் கட்டத்தை விட்டுவிட்டால் உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்கள் வெளியே தெரியும். தொகுப்பின் பெயரையும் பொதுவாக வையுங்கள். பிறகு அதை வழமையான மின்னஞ்சலில் அனுப்பலாம். பெறுபவரிடமும் அதைத் திறக்கும் மென்பொருள் இருக்க வேண்டும். கடவுச்சொல்லை ஒருபோதும் அதே மின்னஞ்சலில் அனுப்ப வேண்டாம். சிக்னலில், மறைந்துபோகும் செய்தியாக அனுப்புங்கள், அல்லது நேரில் சொல்லுங்கள்.

எந்த வழியாக இருந்தாலும் மின்னஞ்சல் கணக்குக்கு இரண்டு படிநிலைச் சரிபார்ப்பை இயக்குவது அவசியம். குறுஞ்செய்தியில் வரும் இலக்கத்தைவிட, கைபேசியில் உள்ள ஒதென்டிகேற்றர் செயலியின் இலக்கம் பாதுகாப்பானது.

கோப்புகளுக்கு

கைபேசியிலிருந்து தொடங்குவோம். ஐபோன்களும் அண்மைக்கால அன்ட்ராய்ட் கைபேசிகளும் உள்ளே இருப்பதைத் தானாகவே மறைகுறியாக்கம் செய்கின்றன. அந்தப் பூட்டின் பலம் நீங்கள் வைக்கும் பின் இலக்கத்தின் பலம்தான். 1234, பிறந்த ஆண்டு போன்றவை பூட்டே இல்லாததற்குச் சமம். குறைந்தது ஆறு இலக்கங்கள், முடிந்தால் எழுத்துகளும் கலந்த கடவுச்சொல் வையுங்கள். விரலடையாளம் வசதியானது, ஆனால் இன்னொருவர் உங்கள் விரலைப் பிடித்து வைக்கலாம். சோதனை இருக்கும் இடத்துக்குப் போகுமுன் கைபேசியை முற்றாக நிறுத்திவிடுங்கள். மீண்டும் இயக்கும்போது முதல்தடவை பின் இலக்கமே தேவைப்படும்.

மடிக்கணினியில், விண்டோஸ் புரோ பதிப்பில் பிட்லொக்கர் இருக்கிறது. ஹோம் பதிப்பில் பல கணினிகளில் கருவி மறைகுறியாக்கம் என்ற எளிய வடிவம் இருக்கிறது. அப்பிள் கணினிகளில் பைல்வோல்ட். இவை முழு ஹார்ட் டிஸ்க்கையும் பூட்டுகின்றன. பிட்லொக்கரின் 48 இலக்க மீட்புச் சாவி பல கணினிகளில் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் தானாகச் சேமிக்கப்படுகிறது. கடவுச்சொல்லை மறந்தால் அது உதவும், ஆனால் அந்தச் சாவி நிறுவனத்திடமும் இருக்கிறது என்பதே அதன் பொருள்.

ஒரு குறிப்பிட்ட தொகுதியை மட்டும், எவரிடமும் சாவி கொடுக்காமல் பூட்ட வேண்டுமென்றால் வெராகிரிப்ட் பொருத்தமானது. இலவசம், திறந்த மூலம், விண்டோஸிலும் மக்கிலும் லினக்ஸிலும் இயங்கும். இது கணினிக்குள் ஓர் இரும்புப் பெட்டியைச் செய்து தருகிறது. மென்பொருளைத் திறந்து புதிய பெட்டி உருவாக்கத் தெரிவுசெய்து, அது இருக்க வேண்டிய இடத்தையும் அளவையும் கொடுங்கள். ஸ்கான் செய்த ஆவணங்களுக்கு 2 ஜி.பி. தாராளம், குரல் பதிவுகள் இருந்தால் 10 ஜி.பி. அளவில் வையுங்கள். மறைகுறியாக்க முறையை ஏ.ஈ.எஸ். என்றே விடலாம். கடவுச்சொல்லை இட்ட பின் மவுஸை அங்குமிங்கும் அசைக்கச் சொல்லும், அந்த அசைவிலிருந்தே சாவிக்கான எதேச்சை எண்கள் பெறப்படுகின்றன. இனி இந்தப் பெட்டியைத் திறக்கும்போது அது கணினியில் இன்னொரு ட்ரைவாகத் தெரியும். வழமைபோல் கோப்புகளை அதற்குள் போடலாம், எடுக்கலாம். வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். மூடிய பெட்டியைப் பென்டிரைவில் பிரதி எடுக்கலாம், கூகிள் ட்ரைவிலும் வைக்கலாம்.

பெட்டிக்குள் போட்டுவிட்டு வெளியே இருக்கும் மூலக் கோப்பை மறந்துவிடக்கூடாது. அதை ‘டிலீட்’ செய்தால் மட்டும் போதாது. பென்டிரைவிலும் மெமரி கார்ட்டிலும் அழித்த கோப்புகளை மீட்டெடுக்கும் மென்பொருட்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இதனால் நான் பழைய பென்டிரைவ்களைக் கைமாற்றுவதில்லை, பூட்டப்படாத வாக்குமூலத்தை அவற்றில் ஏற்றுவதும் இல்லை. ஸ்கான் செய்வதற்குக் கடைக்குப் போவதற்குப் பதிலாகக் கைபேசி கமராவாலேயே படமெடுத்து, தானாகப் பதிவேறும் கூகிள் போட்டோஸை முதலில் நிறுத்திவிட்டு, படங்களைக் கணினிப் பெட்டிக்குள் மாற்றுவது பாதுகாப்பான ஒழுங்கு.

பெயர்களைப் பிரித்து வைப்பது இதைவிடப் பழைய, ஆனால் இன்றும் வேலை செய்கிற முறை. வாக்குமூலக் கோப்பில் சாட்சிகளுக்கு இலக்கங்களை மட்டும் இடுகிறேன். எந்த இலக்கம் யார் என்ற பட்டியல் வேறொரு பெட்டியில், வேறொரு கடவுச்சொல்லோடு, வேறொரு இடத்தில் இருக்கிறது. ஒன்று போனாலும் மற்றது இல்லாமல் ஆளைக் கண்டுபிடிப்பது கடினம்.

கடவுச்சொல்

மே 18, மகளின் பெயர், ஊர்ப் பெயர், கோயிலின் பெயர் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். எங்களை அறிந்தவர்கள் முதலில் முயற்சிப்பது அவற்றைத்தான். ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஆறு சொற்களை வரிசையாக வைத்தால் நினைவில் வைக்கலாம், ஊகிக்க முடியாது. 1995இல் ஆர்னல்ட் ரெயின்ஹோல்ட் அறிமுகப்படுத்திய முறையில், தாயக்கட்டை உருட்டி 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து சொற்களைத் தெரிவுசெய்வார்கள். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதியும் இதைச் செய்யலாம். உரல், பேருந்து, நண்டு, புதன்கிழமை, ஏணி, மஞ்சள் என்பதுபோல. இங்கே அச்சிட்ட இந்த வரிசையை மட்டும் பயன்படுத்த வேண்டாம். பாட்டு வரியோ திருக்குறளோ எடுக்க வேண்டாம், ஏற்கெனவே எழுதப்பட்டவற்றைக் கணினி இலகுவாக முயன்று பார்க்கும்.

மறந்தால் என்ன ஆகும்? வெராகிரிப்ட் பெட்டியின் கடவுச்சொல் தொலைந்தால், அதை உருவாக்கியவர்களாலும் திறக்க முடியாது. எங்கள் நிலைமையில் இது சிறிய விடயமல்ல. காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அதன்பின் பல தாய்மாரும் தந்தைமாரும் பதில் கிடைக்காமலேயே இறந்துவிட்டார்கள். ஒரு தாயின் கடவுச்சொல் அவரோடு போனால் மகனின் ஆவணமும் போய்விடும். ஆகவே கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, ஒட்டிய உறையில், பெட்டி இல்லாத இன்னொரு வீட்டில், நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் சகோதரமாகவோ சட்டத்தரணியாகவோ இருக்கலாம். பெட்டியின் பிரதி ஒன்றும் வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். உரிய மூலப் பத்திரங்களை எந்தக் காரணத்துக்காகவும் அழிக்கக்கூடாது.

கேட்டால் என்ன செய்வது?

கணிதம் உடையாது, ஆனால் கடவுச்சொல்லை வைத்திருப்பவர் மனிதர். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கப்படுகிறது. விசாரணை அறையில் நடப்பதை எங்கள் சமூகத்துக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றங்கள் சட்டம், நீதவானின் பிடியாணையோடு மின்னணுத் தொடர்பாடலை இடைமறிக்க இடமளிக்கிறது. விசாரணைக்கு உதவுமாறு கேட்கப்பட்டால் உதவ மறுப்பதையும் குற்றமாக்குகிறது. பிடியாணை காட்டப்பட்டதா, எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கப்படுகிறது என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லைக் கேட்கும் நிலை வந்தால் சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனை தேவை. அவருடைய தொலைபேசி இலக்கத்தை இப்போதே தாளில் எழுதி வையுங்கள், கைபேசி உங்கள் கையில் இருக்காது.

வெராகிரிப்டில் பெட்டிக்குள் ஒரு மறைவான பெட்டியை வைக்கும் வசதி இருக்கிறது. ஒரு கடவுச்சொல்லுக்குச் சாதாரணக் கோப்புகளும் இன்னொன்றுக்கு உண்மையான கோப்புகளும் திறக்கும். இதை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. இந்த வசதி இருப்பது விசாரிப்பவர்களுக்கும் தெரியும். மறைவான பெட்டி இல்லாதவரும் தன்னிடம் இல்லை என்று நிரூபிக்க முடியாமல் போகலாம். அதைவிட, தேவையில்லாததைக் கையில் கொண்டு திரியாமல் இருப்பதே நல்லது. போராட்டத்துக்குப் போகும் நாளிலும், கொழும்புக்குப் பயணிக்கும் நாளிலும் வாக்குமூலங்கள் கைபேசியில் இருக்கத் தேவையில்லை. கையில் இல்லாததை எவரும் திறந்து பார்க்க முடியாது.

எங்கே தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முயன்றால் இரண்டாம் நாளே கைவிட்டுவிடுவோம். முதல் நாள் கைபேசியின் பின் இலக்கத்தை மாற்றி, வட்ஸ்அப் பெக்கப்பைப் பூட்டி, மின்னஞ்சலுக்கு இரண்டு படிநிலைச் சரிபார்ப்பை இயக்குங்கள். அடுத்த வாரம் வெராகிரிப்ட் பெட்டி ஒன்றை உருவாக்குங்கள். ஆனால் முக்கியமான ஆவணங்களை உடனே அதற்குள் போட வேண்டாம். ஒரு சாதாரணப் படத்தை உள்ளே வைத்து, மூடி, கணினியை நிறுத்தி, மூன்று நாள் கழித்துக் கடவுச்சொல்லை நினைவிலிருந்து தட்டிப் பாருங்கள். திறந்தால் மகனின் கடிதத்தை உள்ளே வைக்கலாம். திறக்காவிட்டால் புதிய பெட்டி செய்துகொள்ளலாம், இழந்தது ஒரு சாதாரணப் படம்தான்.